எலித் திசுவில் ஊறிய புளிப்பு

இரவில் காய்ச்சி ஆற்றிய பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடி வைக்கிறோம். காலையில் அது தயிராகி இருக்கிறது. வாயில் வைத்தால் இலேசான புளிப்பு. இந்தப் புளிப்புக்குக் காரணமான பொருளை 1780-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஷீலே புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்தார். பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒட்டி அதற்கு லாக்டிக் அமிலம் என்று பெயர் ஏற்பட்டது. உடலின் நீர்மங்களில் அது பெரும்பாலும் லாக்டேட் என்னும் வடிவில் கரைந்திருக்கிறது.

பாலைப் புளிக்க வைக்கும் அதே பொருள் நம் தசையிலும் உண்டாகிறது. எலியின் தசையிலும் உண்டாகிறது. எலியின் உடலில் வளரும் புற்றுநோய்க் கட்டியிலோ அது வியப்பூட்டும் அளவுக்கு ஊறுகிறது. 1920-களில் பெர்லின் நகரத்துச் சோதனைச் சாலை ஒன்றில் இந்த அளவைக் குறித்துக் கொண்டார்கள். அந்த எண்ணுக்குப் பொருள் என்ன என்பதைப் பற்றிய வழக்கு அன்று தொடங்கி நூறாண்டுகளாக நடந்து வருகிறது. எண்ணை எவரும் மறுக்கவில்லை. அதற்கு முதலில் சொல்லப்பட்ட விளக்கந்தான் மறுக்கப்பட்டது. ஒரு சோதனையில் கண்டது எது, அதிலிருந்து ஊகித்தது எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கதை கிடைப்பது அரிது. அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

தவளைத் தசை தந்த எச்சரிக்கை

தசையில் லாக்டிக் அமிலம் இருப்பதை 1807-ஆம் ஆண்டு வாக்கிலேயே பெர்சீலியஸ் கண்டார். பிறகு ஏறத்தாழ நூறாண்டு காலம் குழப்பமே நிலவியது. ஒருவர் தசையில் நிறைய அமிலம் இருக்கிறது என்றார். மற்றொருவர் மிகக் குறைவு என்றார். யார் சொல்வது சரி?

1907-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இருவர் குழப்பத்தின் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தசையை வெட்டி நசுக்கும்போதே அது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது! அளக்கப் போகிறவனின் கையே அளவை மாற்றிவிடுகிறது. எனவே அவர்கள் தவளையின் தசையை முன்னதாகவே நன்கு குளிர்வித்து, பனிக்கட்டி போல் குளிர்ந்த ஆல்கஹாலில் இட்டு அரைத்தார்கள். வேதிவினைகள் அங்கேயே நின்றுவிட்டன. இப்போது கிடைத்த முடிவுகள் தெளிவாக இருந்தன. ஓய்விலிருந்த தசையில் அமிலம் மிகக் குறைவு. களைத்த தசையில் அதிகம். களைத்த தசையைப் பிராணவாயுவில் வைத்திருந்தால் சேர்ந்த அமிலம் மறைந்துபோயிற்று.

இதற்கு முன்பே, 1861-ல், பாஸ்டர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் இதையொத்த ஓர் உண்மையைக் கண்டிருந்தார். காற்றில்லாத இடத்தில் ஈஸ்ட் சர்க்கரையை ஏராளமாக நொதிக்க வைக்கிறது. காற்றுப் பட்டதும் நொதித்தல் குறைந்துவிடுகிறது. பாஸ்டர் விளைவு என்று இதைச் சொல்வார்கள். ஆக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் உள்ளத்தில் பதிந்திருந்த விதி இது: பிராணவாயு போதுமான அளவில் கிடைத்தால் செல் சர்க்கரையை முழுவதுமாக எரிக்கும், கிடைக்காவிட்டால் சர்க்கரையைப் பாதியில் முறித்து லாக்டிக் அமிலமாக விட்டுவிடும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு எலித் திசுவில் காத்திருந்தது.

கடல் முள்ளெலியிலிருந்து எலிக்கு

ஓட்டோ வார்பர்க் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். தந்தையார் எமில் வார்பர்க் பெயர் பெற்ற பௌதிகப் பேராசிரியர். எமில் பிஷரிடம் வேதியியல் பயின்று டாக்டர் பட்டம் பெற்ற மகன், பிறகு மருத்துவமும் படித்தார். 1908-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தில் கடல் முள்ளெலி என்னும் கடல்வாழ் உயிரியின் முட்டைகளைச் சோதித்தார். கருவுற்றதும் முட்டையின் பிராணவாயுச் செலவு பல மடங்கு உயர்வதைக் கண்டார். வளரும் உயிருக்கு அதிக மூச்சு வேண்டும் என்பது அவர் அங்கே கற்ற பாடம்.

முதல் உலகப் போரில் குதிரைப் படையில் சேர்ந்து போர் முனைக்குச் சென்றார். 1918-ல், விஞ்ஞானத்துக்குத் திரும்பி வரும்படி வற்புறுத்தி அவருக்கு ஐன்ஸ்டைன் ஒரு கடிதம் எழுதினார். வார்பர்க் திரும்பி வந்தார். பெர்லின் நகரை அடுத்த டாலம் என்னுமிடத்தில் கைசர் வில்ஹெல்ம் ஆராய்ச்சி நிலையத்தில் அவருடைய சோதனைச் சாலை அமைந்தது.

1923-ல் புற்றுநோயைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கியபோது அவருடைய எதிர்பார்ப்பு எளிமையானது. புற்றுநோய்க் கட்டி வேகமாக வளர்கிறது. கருவுற்ற முட்டையும் வேகமாக வளர்கிறது. முட்டையின் சுவாசம் கூடியது போலவே கட்டியின் சுவாசமும் கூடியிருக்க வேண்டும் அல்லவா?

சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது பிளெக்ஸ்னர்-ஜோப்லிங் கட்டி. நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த இருவர் வெள்ளெலி ஒன்றில் கண்டெடுத்த புற்று அது. ஓர் எலியின் கட்டியில் சிறு துண்டை எடுத்து இன்னோர் எலியின் தோலுக்கடியில் வைத்தால் அங்கேயும் வளரும். இவ்வாறு எலியிலிருந்து எலிக்கு மாற்றி மாற்றி, ஒரே வகைக் கட்டியைப் பல ஆண்டுகள் காப்பாற்ற முடிந்தது. நாற்றங்காலில் விதை நெல் காப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

சீவலின் கனம்

உயிரோடிருக்கும் திசுவின் மூச்சை உடலுக்கு வெளியே அளப்பது எப்படி? திசுவை அரைத்துக் கூழாக்கினால் செல்கள் உடைந்துவிடும். முழுத் துண்டாகப் போட்டால் வெளிப்புறச் செல்களுக்குத்தான் பிராணவாயு கிடைக்கும். உட்புறச் செல்கள் மூச்சுத் திணறும். மூச்சுத் திணறும் செல் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் என்பதைத்தான் முன்னமே பார்த்தோமே! அப்படியானால் கட்டித் துண்டில் காணும் அமிலம் கட்டியின் இயல்பா, அல்லது திணறலின் விளைவா என்று சொல்ல முடியாமற் போகும்.

வார்பர்க் இந்தச் சிக்கலைக் கணக்குப் போட்டுத் தீர்த்தார். திசுவுக்குள் பிராணவாயு எவ்வளவு வேகத்தில் ஊடுருவும், திசு அதை எவ்வளவு வேகத்தில் செலவழிக்கும் என்ற இரண்டும் தெரிந்தால், நடுச்செல் வரை பிராணவாயு எட்டும்படியான மிகுதியான கனம் எவ்வளவு என்று கணக்கிடலாம். விடை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது. எனவே வறுவலுக்கு வாழைக்காய் சீவுவது போல, ஆனால் அதைவிடப் பன்மடங்கு மெல்லியதாக, சவரக் கத்தியால் திசுவைச் சீவினார்கள். வெட்டுப்பட்ட இரு மேற்பரப்புகளில் மட்டுமே செல்கள் சேதமுறும்; நடுவில் உள்ளவை முழுமையாக உயிரோடிருக்கும்.

இந்த மெல்லிய சீவலில்தான் சோதனையின் நம்பகம் முழுவதும் அடங்கியிருந்தது. சீவல் சற்றுக் கனத்துவிட்டால் அத்தனை முடிவுகளும் வீண்.

அடுத்தது அளவுக் கருவி. சின்னஞ்சிறு கூம்பு வடிவக் கண்ணாடிக் குடுவை ஒன்று. அதில் குளுக்கோஸும் பைகார்பனேட் உப்பும் கலந்த நீர்மம். அதில் எலித் திசுவின் சீவல்கள் மிதக்கும். குடுவை உடல் வெப்பத்தில் வைத்த நீர்த் தொட்டிக்குள் இடைவிடாது ஆடிக் கொண்டிருக்கும். குடுவையின் வாய் ஒரு வளைந்த மெல்லிய குழாயோடு இணைக்கப்பட்டிருக்கும். குழாயில் நிறமூட்டிய நீர்மம். இரத்தத்திலுள்ள வாயுக்களை அளக்க இங்கிலாந்தில் ஹால்டேன், பார்கிராப்ட் ஆகியோர் அமைத்த அழுத்தமானியையே வார்பர்க் தம் தேவைக்கேற்பத் திருத்திக் கொண்டார்.

இப்போது நடப்பதைக் கவனியுங்கள். திசு பிராணவாயுவை உட்கொண்டால் குடுவைக்குள் வாயுவின் அழுத்தம் குறையும். திசு லாக்டிக் அமிலத்தை வெளிவிட்டால் அந்த அமிலம் பைகார்பனேட்டோடு வினைபுரிந்து கரியமிலவாயுவை விடுவிக்கும், அழுத்தம் கூடும். எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டால் நுரைத்துப் பொங்குகிறதே, அதே வினைதான். ஒரு மூலக்கூறு லாக்டிக் அமிலத்துக்கு ஒரு மூலக்கூறு கரியமிலவாயு. அழுத்த மாற்றத்தைக் குழாயின் நீர்ம மட்டத்தில் படித்து, சுவாசத்துக்கும் அமிலத்துக்கும் உரிய பங்கைத் தனித்தனியே கணக்கிட முடிந்தது. ஜப்பானிலிருந்து வந்திருந்த மினாமி, உடன் பணியாற்றிய போசனர், நெகெலைன் ஆகியோர் இந்த வேலையில் பங்கு கொண்டார்கள்.

மூன்று எண்கள்

முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. கட்டியின் சுவாசம் கூடவில்லை. ஆனால் குடுவையில் லாக்டிக் அமிலம் குவிந்து கொண்டே போயிற்று. அதுவும் பிராணவாயு தாராளமாக இருக்கும்போதே!

பிளெக்ஸ்னர்-ஜோப்லிங் கட்டிக்குரிய அளவுகளை மூன்று எண்களில் சொல்லிவிடலாம். உலர்ந்த நிலையில் ஒரு மில்லிகிராம் எடையுள்ள திசு, ஒரு மணி நேரத்தில், ஏறத்தாழ 7 கன மில்லிமீட்டர் பிராணவாயுவை உட்கொள்கிறது. பிராணவாயு இருக்கையில் 25 கன மில்லிமீட்டர் கரியமிலவாயுவுக்குச் சமமான லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. பிராணவாயுவை நீக்கி நைட்ரஜனில் வைத்தால் இந்த அளவு 31 ஆகிறது.

25 என்பது எவ்வளவு? பள்ளியில் படித்த பாடத்தைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடத்தை அடைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 90. ஆகவே 22.4 கன மில்லிமீட்டர் வாயு 0.09 மில்லிகிராம் அமிலத்துக்குச் சமம். 25 கன மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் திசு ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவது இது. அதாவது, எலியின் கட்டி ஒவ்வொரு மணி நேரமும் தன் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. பத்து மணி நேரத்தில் தன் எடைக்கு எடை!

மற்ற எலித் திசுக்கள் இப்படி நடந்து கொள்ளவில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் நன்றாகச் சுவாசித்தன, அமிலம் சொற்பமே. எலியின் கருத்திசு நைட்ரஜனில் அமிலத்தை வேகமாக உண்டாக்கியது. ஆனால் பிராணவாயு கிடைத்ததும் ஏறக்குறைய நிறுத்திவிட்டது. பாஸ்டர் சொன்னபடியே நடந்தது. கட்டி மட்டுமே பிராணவாயு வந்த பிறகும் 31-லிருந்து 25-க்குத்தான் இறங்கியது.

இது குடுவைக்குள் மட்டும் நடக்கும் கூத்தா, உயிருள்ள உடலிலும் நடக்கிறதா? அமெரிக்காவில் பப்பலோ நகரில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியினர் 1925-ல் இக்கேள்விக்கு அழகானதொரு விடை தந்தார்கள். ஒரு சிறகில் மட்டும் கட்டி வளர்ந்திருந்த கோழியை எடுத்து, இரு சிறகுகளிலிருந்தும் திரும்பி வரும் இரத்தத்தை ஒப்பிட்டார்கள். கட்டியுள்ள சிறகிலிருந்து வந்த இரத்தத்தில் சர்க்கரை குறைவு. லாக்டிக் அமிலம் அதிகம். வார்பர்க்கும் தம் உதவியாளர்களுடன் எலியின் கட்டிக்குள் செல்லும் இரத்தத்தையும் அதிலிருந்து வெளிவரும் இரத்தத்தையும் ஒப்பிட்டு, 1927-ல் இதையே உறுதி செய்தார். அளவு உண்மைதான் என்பதில் ஐயமில்லாமற் போயிற்று.

அடுப்பு பழுதா?

இனித்தான் வழக்கு. பிராணவாயு இருந்தும் கட்டி ஏன் சர்க்கரையைப் பாதியில் விடுகிறது?

வார்பர்க் தந்த விளக்கம்: செல்லின் சுவாச அமைப்பு பழுதுபட்டிருக்கிறது. அடுப்பு கெட்டுப்போனதால் செல் நொதித்தலைக் கொண்டு பிழைத்துக் கொள்கிறது. புற்றுநோய் தோன்றுவதே இந்தப் பழுதினால்தான் என்று அவர் கருதினார். 1956-ல் 'சயன்ஸ்' இதழில் இதை விரிவாக எழுதினார். 1970-ல் காலமாகும் வரை இக்கருத்தை அவர் கைவிடவில்லை.

நாம் மீண்டும் அந்த மூன்று எண்களுக்கே போவோம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுவதுமாக எரிய ஆறு மூலக்கூறு பிராணவாயு வேண்டும். எனவே 7 பங்கு பிராணவாயு எரிக்கக் கூடிய குளுக்கோஸ் ஏறத்தாழ 1.2 பங்கு. ஒரு குளுக்கோஸ் இரண்டு லாக்டிக் அமிலமாகப் பிளக்கிறது. ஆகவே 25 பங்கு அமிலத்துக்கு 12.5 பங்கு குளுக்கோஸ் செலவு. ஒன்று எரிந்தால் பத்துக்கு மேற்பட்டவை பாதியில் நிற்கின்றன. இப்படிப் பார்த்தால் அடுப்பு அணைந்துவிட்டது போலத்தான் தோன்றும்.

ஆனால் செல்லுக்கு வேண்டியது சர்க்கரைக் கணக்கு அல்ல, சக்திக் கணக்கு. செல்லின் சக்தி நாணயம் ஏ.டி.பி. என்னும் பொருள். ஒரு குளுக்கோஸ் லாக்டிக் அமிலமாக மாறினால் செல்லுக்கு 2 ஏ.டி.பி. கிடைக்கும். முழுவதுமாக எரிந்தால் சுமார் 30 கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள். எரிந்த 1.2 பங்கிலிருந்து ஏறத்தாழ 35. நொதித்த 12.5 பங்கிலிருந்து 25. வார்பர்க்கின் சொந்த எண்களின்படியே கட்டியின் சக்தியில் பாதிக்கு மேற்பட்டது சுவாசத்திலிருந்துதான் வருகிறது! அடுப்பு எரிந்து கொண்டுதான் இருக்கிறது.

இந்தக் கணக்கை 1924-ல் எவராலும் போட்டிருக்க முடியாது. ஏ.டி.பி. கண்டுபிடிக்கப்பட்டதே 1929-ல். அது செல்லின் சக்தி நாணயம் என்பதை லிப்மன் எடுத்துச் சொன்னது 1941-ல். ஆகவே முதல் விளக்கத்துக்காக வார்பர்க்கைக் குறை சொல்வதற்கில்லை. புதிய சான்றுகள் வந்த பிறகும் அதையே பற்றிக் கொண்டிருந்ததுதான் குறை.

சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றிற் பலவும் எலியிடமிருந்தே வந்தன. அமெரிக்காவில் வைன்ஹவுஸ் என்பவர் கதிரியக்கக் கார்பன் சேர்ந்த உணவுப் பொருள்களைத் திசுக்களுக்குக் கொடுத்து, வெளிவரும் கரியமிலவாயுவைப் பின்தொடர்ந்தார். கட்டியும் பிற திசுக்களைப் போலவே அவற்றை எரித்தது. 1956-ல், வார்பர்க்கின் கட்டுரை வந்த அதே ஆண்டில், அதே இதழில், சுவாசம் பழுது என்பதற்கு ஆதாரமில்லை என்று அவர் வாதிட்டார்.

அதைவிட வலுவான சான்று 1960-களில் கிடைத்தது. மாரிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளில் பலவகைக் கல்லீரல் புற்றுகளை உருவாக்கினார். அவற்றில் சில மிக மெதுவாக வளர்பவை. அத்தகைய கட்டிகள் புற்றுகளே. வேறு எலிக்கு மாற்றினால் வளர்பவை. ஆனால் பிராணவாயு இருக்கையில் லாக்டிக் அமிலத்தை மிகக் குறைவாகவே உண்டாக்கின. வேகமாக வளரும் கட்டிகளில்தான் அமிலம் மிகுந்திருந்தது. அமிலம் குறைவாக இருந்தும் புற்றுநோய் இருக்க முடியுமானால், அமிலமிகுதியைப் புற்றுநோயின் மூலகாரணம் என்று எப்படிச் சொல்வது?

எதிர்த் திசையிலும் சான்று உண்டு. புற்றுநோயே இல்லாத எலித் திசுக்கள் சிலவும் பிராணவாயுவில் அமிலத்தைக் கொட்டுகின்றன. எலியின் விழித்திரை கட்டியைவிட அதிகமாகவே கொட்டுகிறது. இதை வார்பர்க்கே அளந்திருந்தார். ஆனால் வெட்டி எடுக்கையில் நேர்ந்த சேதம் என்று ஒதுக்கிவிட்டார். விழித்திரையின் இயல்பே அதுதான் என்பது இன்று தெரிந்திருக்கிறது. எலியின் தைமஸ் சுரப்பியிலுள்ள வெள்ளணுக்களும் அப்படியே. சும்மா இருக்கும்போது அவை சர்க்கரையைப் பெரும்பாலும் எரிக்கின்றன. பெருகத் தூண்டிவிட்டால் பெரும்பகுதியை லாக்டேட்டாக மாற்றுகின்றன. பெருகி முடிந்ததும் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகின்றன. பழுதான அடுப்பு தானே சரியாவதில்லை. எனவே இது பழுதன்று. செல் வேண்டுமென்றே திருப்பிவிடும் ஒரு மடை.

ஏன் திருப்ப வேண்டும்? ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் சக்தி மட்டும் போதாது. புதிய சவ்வு, புதிய புரதம், புதிய மரபுப் பொருள் எல்லாம் கட்ட வேண்டும். விறகை எல்லாம் எரித்துவிட்டால் வீடு கட்ட மரம் ஏது? சர்க்கரையை வேகமாக உடைக்கும் பாதையிலிருந்து கட்டுமானப் பொருள்களை வழியிலேயே பிரித்தெடுத்துக் கொள்ளலாம் என்பது இன்று பெரிதும் பேசப்படும் விளக்கங்களில் ஒன்று. ஆயினும் சர்க்கரையின் பெரும்பங்கு லாக்டேட்டாக வெளியேறிவிடுவதால், இது மட்டுமே முழு விடை என்று எல்லோரும் ஏற்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

கழிவா, எரிபொருளா?

இந்தக் கதையில் லாக்டேட் இதுவரை குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கிறது. தசைக் களைப்புக்குக் காரணம் அது. பாதியில் விட்ட கழிவு அது என்றே நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். இதையும் எலிகளே திருத்தின.

முன்பு குறிப்பிட்ட கோரி தம்பதியினர் 1929-ல், எலிகளுக்கு லாக்டிக் அமிலத்தைப் புகட்டி, அது கல்லீரலில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாக மாறுவதைக் காட்டினார்கள். தசை விட்ட லாக்டேட்டை இரத்தம் கல்லீரலுக்குக் கொண்டு செல்கிறது. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக்கித் தசைக்கே அனுப்புகிறது. இன்று பாடநூல்களில் இது கோரி சுழற்சி. கிளைக்கோஜன் மாற்றங்களைக் கண்டறிந்ததற்காக 1947-ல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

1970-களில் அமெரிக்காவில் ஜார்ஜ் புரூக்ஸ் என்பவர் எலிகளைச் சுழலும் பட்டையின் மேல் களைக்கும் வரை ஓடவிட்டு, கதிரியக்கக் கார்பன் சேர்ந்த லாக்டேட்டை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். அதில் பெரும்பகுதி கிளைக்கோஜனாகத் திரும்பவில்லை; எரிந்து கரியமிலவாயுவாக மூச்சில் வெளியேறியது. ஒரு தசை விடும் லாக்டேட்டை இன்னொரு தசையும் இதயமும் எரிபொருளாகக் கொள்கின்றன. கழிவென்று எண்ணியது கைமாறிச் செல்லும் உணவாக இருந்தது. ஓடி விளையாடிய மறுநாள் காலில் வலி இருப்பதற்கும் லாக்டிக் அமிலத்துக்கும் தொடர்பில்லை. ஓய்வெடுத்த ஓரிரு மணி நேரத்துக்குள் அது இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

2017-ல் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வில், சில கட்டிகள் லாக்டேட்டை உட்கொண்டு எரிப்பதும் தெரிய வந்தது. லாக்டேட்டைக் கொட்டுவது மட்டுமே கட்டியின் குணம் என்ற எண்ணமும் தளர்ந்தது.

எண்ணின் பயனும் விளக்கத்தின் தீங்கும்

விளக்கம் வீழ்ந்ததால் வார்பர்க்கின் உழைப்பு வீணாயிற்றா? இல்லவே இல்லை. அவருடைய சீவல் முறையைக் கொண்டுதான் அவரிடம் உதவியாளராக இருந்த ஹான்ஸ் கிரெப்ஸ் எலியின் கல்லீரலில் யூரியா உண்டாகும் சுழற்சியை 1932-ல் கண்டறிந்தார். கட்டி சர்க்கரையை விழுங்கும் வேகம் இன்று மருத்துவத்துக்கு உதவுகிறது. கதிரியக்கப் புளூரின் சேர்ந்த குளுக்கோஸ் போன்றதொரு பொருள் 1976-ல் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. அது எங்கே அதிகமாகச் சேர்கிறது என்று படமெடுத்தால் கட்டி இருக்குமிடம் சுடர்விடும். பெட் ஸ்கேன் என்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் செய்கிறார்களே, அதுதான் இது. ஆனால் அங்கும் எலியின் வெள்ளணுக்கள் கற்பித்த பாடம் மறக்கத்தக்கதன்று. காசநோய் போன்ற தொற்றுள்ள இடத்தில் திரளும் வெள்ளணுக்களும் சர்க்கரையை விழுங்கும்; அங்கும் படம் சுடர்விடும். படத்தை மட்டும் பார்த்துப் புற்றுநோய் என்று மருத்துவர் முடிவு கட்டுவதில்லை. தேவையானால் திசுவை எடுத்துச் சோதிக்கிறார்.

எண் இப்படிப் பயன்பட்டுக் கொண்டிருக்க, பழைய விளக்கம் வேறு இடங்களில் தீங்கு செய்து கொண்டிருக்கிறது. 'புற்றுநோய்க்குக் காரணம் பிராணவாயுக் குறைவே. அதைக் கண்டுபிடித்ததற்காக 1931-ல் வார்பர்க் நோபல் பரிசு பெற்றார். ஆகவே இரத்தத்தைக் காரமாக்கும் உணவைச் சாப்பிடுங்கள்' என்று சொல்லி நோயாளிகளை ஏமாற்றுவோர் உண்டு. இதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. 1931-ஆம் ஆண்டுப் பரிசு அவருக்குக் கிடைத்தது சுவாச என்சைமின் தன்மையையும் அது வேலை செய்யும் முறையையும் கண்டறிந்ததற்காக. புற்றுநோய்க் கொள்கைக்காக அன்று. அவர் கண்ட அமிலம் பிராணவாயு தாராளமாக இருக்கும்போதே உண்டானது. ஆகவே வெளியிலிருந்து பிராணவாயுவை ஊட்டி அதைத் தடுக்கலாம் என்பதற்கு அந்தச் சோதனையே எதிர்ச் சாட்சி. நுரையீரலும் சிறுநீரகமும் இரத்தத்தின் அமில-காரச் சமநிலையை மிகக் குறுகிய எல்லைக்குள் காத்து வருகின்றன; எலுமிச்சையோ கீரையோ தின்று அதை மாற்ற இயலாது. இந்தப் பேச்சை நம்பிக் காலத்தில் செய்ய வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப் போடுவோர் இழப்பது உயிரை.

மாணவ நண்பர்களே, பெரிய விஞ்ஞானியின் பெயரோடு ஒரு செய்தி உங்களிடம் வரும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அவர் அளந்தது என்ன? அதிலிருந்து அவர் ஊகித்தது என்ன? முதற்கேள்விக்கு வார்பர்க்கின் விடை 25. பிராணவாயு நடுச்செல் வரை எட்டும்படி கணக்கிட்டு, கவனமாகச் சீவப்பட்ட எலித் திசுவில் கிடைத்த அந்த எண்ணை இன்றும் எவரும் திருத்தவில்லை. இரண்டாம் கேள்விக்கு அவர் சொன்ன விடையை அவருக்குப் பின் வந்தவர்கள் திருத்தினார்கள். அவர் காட்டிய அளவை முறையைக் கையாண்டும், அதைவிட நுட்பமான முறைகளைக் கண்டுமே அவர்களால் அதைச் செய்ய முடிந்தது.